ஐந்து ஒயருக்கு ஐந்து பொட்டு

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி பஜாரில் அவரை எல்லோரும் பல்பு நைனா என்றே கூப்பிட்டோம். ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பக்கம் தமிழ்க்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் வயதில் பெரியவர் நைனாதான். பல்பு என்றது அவர் சட்டைப் பையில் எப்போதும் கிடந்த ஒரு சின்ன பல்பு. அதிலிருந்து இரண்டு ஒயர், முழ நீளம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் ஆணி. எந்த வண்டி வந்தாலும் முதலில் அந்தப் பல்பைத்தான் எடுப்பார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி ஓர் ஆணியை இங்கே வைத்து, இன்னொன்றை அங்கே வைத்து, பல்பு எரிகிறதா, மங்கலாக எரிகிறதா, எரியவே இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். 

ஜி.என்.டி. ரோடு ஓரத்தில், தகரம் போட்ட ஒரு சின்ன இடம் அவர் கடை. தொழிற்பேட்டை வரப் போகிறது என்று ஊரைச் சுற்றி நிலம் அளந்துகொண்டிருந்த காலம் அது. மண் அடிக்க, கல் அடிக்க என்று லாரிகள் வந்துகொண்டே இருக்கும். அவசரக்காரர்கள் அவரிடம் வண்டியை விட மாட்டார்கள்.

ஒருநாள் ஒரு டிரைவர் வந்தான். ஆரன் அடிக்கவில்லை. நைனா காலையில் தொடங்கி மத்தியானம் வரை ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே கிடந்தார்.

"நைனா, ஆரன் அடிக்கல, அவ்ளோதான். ரெண்டு ஒயர முறுக்கி உட்டா அடிக்கப் போவுது. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "முறுக்கி உட்டா அடிக்கும். அப்பால எது நிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாத ஒயருக்கு நான் எதுக்கு கரண்டு குடுக்கணும்?"

அவர் குணம் இவ்வளவுதான். தெரியாத ஒயருக்குக் கரண்ட் கொடுக்க மாட்டார். ஒரு முனையைப் பார்த்தால் அதன் மறு முனையைப் பார்த்தாக வேண்டும். வாழ்க்கையிலும் அப்படித்தான். மகளுக்கு ஒரு வரன் வந்தது. மணவாள நகரில் வீடு, திருவள்ளூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை, தங்கமான பையன் என்று தரகர் சொன்னார். நைனா தரகரை நம்பவில்லை. ரயிலேறிப் போய், மில்லுக்கு எதிர் டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அந்தப் பையனே ஒரு டீயை வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்திருக்கிறான்.

"யாரத் தேடுறீங்க பெரியவரே? மூணு நாளா பாக்கறேன்."

"உன்னத்தான் பாத்துக்கினு கீறேன்" என்றாராம் இவர். டீயைக் குடித்துவிட்டு வந்து, "பையன் சரியா கீறான். பாடி எர்த்து எல்லாம் நல்லா கீது" என்று மனைவியிடம் சொன்னாராம். அந்த அம்மாள் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது. "சம்பந்தம் பேசப் போனாரா, ஒயர் புடிக்கப் போனாரா தெரியல."

நான் எட்டாவது வரை படித்தவன். முருகன் கொடுத்ததாக ஒரு லாரி இருந்தது. யுத்த காலத்து மிலிட்டரி வண்டி. ஏலத்தில் யாரோ எடுத்து, யார் யாரோ ஓட்டி, நாலாவது கையாக என்னிடம் வந்தது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு ஓட்டுவேன். பானெட் நீளம், மட்கார்டு அகலம், ஓசை ஊரைத் தூக்கும். அதில் ஒரு குறை, வைப்பர் கிடையாது. வண்டியோடு வந்த வைப்பர் என் கைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. மழை பிடித்தால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, விடுகிறவரை சும்மா இருப்பேன்.

நைனா வீட்டுக் கல்யாணம் திருவள்ளூர் பெருமாள் கோயில் பக்கத்து மண்டபத்தில், ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் என்று முடிவாயிற்று. பெண் வீட்டார் எல்லோரும் போக ஒரு லாரி வேண்டும். அப்போதெல்லாம் கல்யாணக் கூட்டம் லாரியில்தான் போகும். என் வண்டியைக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டினார்.

"ஐப்பசி மழை. வைப்பர் இல்லாத வண்டியில என் பொண்ண ஏத்த மாட்டேன்."

"நான் பாத்துப் போவேன் நைனா."

"இன்னாத்தப் பாப்ப? கண்ணாடியில தண்ணி வழிஞ்சா நீயும் குருடன்தான். மோட்டார் ஒண்ணு கொண்டா. நான் போட்டுத் தரேன்."

என் வண்டிக்கு உரிய மோட்டார் எங்கே கிடைக்கும்? புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் ஒருவர் ஒரு கறுப்பு உருண்டையைக் கையில் கொடுத்தார். ஏதோ வெளிநாட்டு பஸ்ஸில் இருந்தது என்றார். பெயர்த் தகடு இல்லை. துணி சுற்றின ஐந்து ஒயர், ஐந்தும் கிரீஸில் ஊறி ஒரே கறுப்பு. அந்தக் கடையில் அது ஒன்றுதான் இருந்தது. அந்த மாதிரி இன்னொன்றை நான் பிறகு எங்குமே பார்க்கவில்லை.

நைனா அதை மடியில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெயில் துடைத்தார். "நீ யாரு, எந்த ஊரு, உனக்கு அஞ்சு வாலு எதுக்கு?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாள். பல்பை ஒரு பழைய பேட்டரியோடு சேர்த்துக்கொண்டு, ஓர் ஆணியை ஒரு ஒயரில் வைப்பார், மற்ற நாலிலும் இன்னோர் ஆணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பல்பு எங்கே மங்குகிறது, எங்கே பளிச்சென்று எரிகிறது என்று மனதில் வாங்கிக்கொள்வார். பிறகு மோட்டார் தண்டை விரலால் கொஞ்சம் திருப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்று எர்த், மண்ணுக்குப் போவது. ஒன்று மெதுவாக ஓட்டுவது. ஒன்று வேகமாக ஓட்டுவது. மிச்சம் இரண்டு ஒயரும் உள்ளே இருக்கிற ஒரு சின்ன சுவிட்சுடையவை.

"நீ ஆஃப் பண்ணா வைப்பர் நடுக் கண்ணாடியில நிக்காது. தானா கீழ வந்து படுத்துக்கும். ஊட்டுக்குத் திரும்பற ஒயருங்க இதுங்க. இதுல ஒண்ணுத்துல எப்பவும் கரண்டு நிக்கணும், இன்னொண்ணு அத வாங்கிக்கினு போறது, கீழ வந்து படுத்ததும் எர்த்தத் தொட்டுக்கினு நிக்கும். வெள்ளக்காரன் மூளைய பாத்தியா."

ஐந்தையும் அடையாளம் வைக்க வேண்டும். அவரிடம் சாயமோ டேப்போ இல்லை. என் வண்டி டேஷ்போர்டில் முருகன் படத்துக்குக் கீழே திருநீறு, குங்குமம், சந்தனம், மஞ்சள் எல்லாம் டப்பாக்களில் இருக்கும். "அத இப்படிக் குடு" என்றார். எண்ணெயில் குழைத்து, எர்த்துக்குத் திருநீறு, மெதுவுக்குச் சந்தனம், வேகத்துக்குக் குங்குமம் என்று பொட்டு வைத்தார். கரண்ட் நிற்க வேண்டிய ஒயருக்கு மஞ்சள். அதை வாங்கிப் போகிற ஒயருக்குக் கற்பூரத் தட்டிலிருந்து கரி. மோட்டாரைக் கண்ணாடிக்குக் கீழே முடுக்கிவிட்டு, ஒயர்களை அப்படியே தொங்கவிட்டார். அவர் நெல்லூர்ப் பக்கம் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டியிருந்தது.

"நான் வந்து குடுக்கறேன். அதுக்குள்ள கரண்டு குடுத்துடாத."

கரண்ட் கொடுக்காதே என்றுதான் சொன்னார். பொட்டு வைக்காதே என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை புரட்டாசிக் கடைசியில் வந்தது. நைனா ஊரில் இல்லாத நாள். விடியற்காலை குளித்துவிட்டு வண்டியைத் தேய்த்துக் கழுவினேன். உள்ளேயும் ஈரத்துணியால் ஓர் இடம் விடாமல் துடைத்தேன். ஸ்டீயரிங்குக்குச் சந்தனம் குங்குமம், ஆரனுக்குச் சந்தனம் குங்குமம், ஜாக்கி, ஸ்பானர், லீவர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். புது மோட்டார் வந்திருக்கிறது, அதற்கு வைக்காமல் இருக்கலாமா? மோட்டாருக்கு வைத்தேன். ஐந்து ஒயரையும் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். ஒன்று விட்டுப்போனால்கூட சாமி குத்தம் ஆகிவிடும் என்று நினைப்பு.

என் மனைவி கற்பூரம் கொளுத்திக்கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள். "இது இன்னா, ஒயருல மஞ்சா இருந்துச்சே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.  பூஜையை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. முடித்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து யோசித்தேன். எர்த் ஒயர் மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பு, அதில் சந்தேகமில்லை. மெதுவும் வேகமும் மேல் பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி வரும், எது எது என்று அவர் சுட்டிக்காட்டியது ஞாபகம் இருந்தது. மிச்சம் இரண்டு. எது மஞ்சள், எது கரி? எத்தனை நேரம் பார்த்தும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

நைனா வந்ததும் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி மூன்று நாள் உட்காருவார். அவர் திரும்புவதே கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் இரவு. மறுநாள் மத்தியானம் கிளம்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் மனதுக்கு விளங்காத காரியம் எதுவானாலும் பூ கட்டிப் பார்ப்போம். அன்றும் அதைத்தான் செய்தேன். ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் எடுத்துத் தனித்தனிப் பொட்டலமாக முடிந்து, முருகன் படத்தின் முன்னால் போட்டேன். வெள்ளை வந்தால் இடது ஒயர் மஞ்சள், சிவப்பு வந்தால் வலது ஒயர் மஞ்சள். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை வந்தது. மனம் லேசாகிவிட்டது. சாமியே சொல்லிவிட்டது, இனி நைனாவிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து பொட்டையும் அவர் வைத்த மாதிரியே எண்ணெயில் குழைத்து வைத்தேன்.

கல்யாணத்துக்குக் கிளம்பும் நாள் காலையில் நைனா வந்தார். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பொட்டுகளைப் பார்த்தார். வேறு யாருடைய அடையாளமாக இருந்தாலும் ஆணியை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். இது அவர் அடையாளம். பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக முடுக்கினார். அப்போதும் நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை, நடுவில் பல்பை வைத்துப் பார்த்தார். வைப்பர் கம்பி அப்போது நடுக் கண்ணாடியில் நின்றிருந்தது. படுக்கும் இடத்துக்கு வெளியே நின்றதால் பல்பு தப்பு எதுவும் காட்டவில்லை. பிறகு பல்பை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். கம்பி அழகாக நகர்ந்தது. மேலே போய்த் திரும்பியது. அவர் மகள் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள். கம்பி கீழே வந்து படுக்கும் இடத்தைத் தொட்டதும் 'சர்'ரென்று ஒரு சத்தம். டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. அந்தக் காலத்து அந்த வண்டியில் வைப்பருக்கென்று ஃப்யூஸ் கிடையாது. அவர் பாய்ந்து பேட்டரி ஒயரைப் பிடுங்குவதற்குள் உள்ளே எல்லாம் வெந்துவிட்டது.

நைனா சூடான மோட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கை சுட்டிருக்கும். விடவில்லை.

"நான் வெச்ச பொட்டு" என்றார். "ரெண்டும் மாறி கீது, கரண்டு நேரா எர்த்துக்குப் போயிடுச்சு. நானே மாத்தி வெச்சிருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் மனைவி, உறவுக்காரர்கள், மகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வேறு வண்டிக்கு நேரமில்லை. மத்தியானம் கிளம்பினோம். மகளும் அவள் அம்மாவும் என் பக்கத்தில், மற்றவர்கள் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே. நைனா ஒரு புகையிலையை நனைத்துக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோடும் என்று. கவரைப்பேட்டை தாண்டும் முன்பே மழை கொட்ட ஆரம்பித்தது. புகையிலைக்கு அடங்குகிற மழை இல்லை அது. எனக்கு ரோடே தெரியவில்லை. நைனா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி முன்னால் போனார். வலது மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் துணியை வைத்து என் முகத்துக்கு நேரே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஓட்டு" என்றார்.

அப்படியே போனோம். மாட்டு வண்டி வேகம்தான். பெரியபாளையத்தில் அம்மன் கோயில் பக்கம் திரும்பி மனதால் கும்பிட்டேன், கேட்க வாய் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் இருந்தது. அவர் கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் என்று நிற்காமல் போய் வந்தது. மகள் பட்டுப்புடவையின் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, நிறுத்துங்க. அப்பாவ உள்ள கூப்புடுங்க. மழ உட்ட பின்னால போவலாம்."

நிறுத்தினேன். ஆனால் நேரமாகிவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பெண் அழைப்புக்கு மேளத்தோடு காத்திருப்பார்கள், சகுனம் பார்ப்பார்கள். நைனா கண்ணாடியைத் தட்டினார். "நீ ஓட்டுய்யா. என் தப்புக்கு நான் தொடைக்கறேன், உனக்கு இன்னா?"

திருவள்ளூர் மண்டப வாசலில் வண்டி நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் குடையோடு வந்தார். நைனாவை முன்பின் பார்த்ததில்லை. மட்கார்டிலிருந்து சேறும் தண்ணீருமாக, கையில் கந்தல் துணியோடு இறங்கியவரைப் பார்த்து, "யோவ் கிளீனரு, நின்னுக்கினு இன்னா பாக்கற? பொண்ணு பொட்டிய எறக்கி உள்ள வையி. சாப்பாடு பின்னால கீது, அங்க போ" என்றார்.

நைனா பெட்டியை இறக்கினார். தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கீழே குதித்து, இவர்தான் பெண்ணின் அப்பா என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நைனா வீட்டு அம்மாள்தான் கடைசியில் சொன்னது. தாய்மாமன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் சிரித்து மழுப்பினார்கள். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அந்தப் பேர் நின்றுவிட்டது. மணவாள நகர் வீட்டில் ஏதாவது மனத்தாங்கல் வந்தால் போதும், மாமியார் "கிளீனரு பொண்ணுக்கு இவ்ளோ வாயா" என்பாளாம். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லி அழுவாள். நைனா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் இருக்கும். என் வண்டியைத் தேடி வந்தார். வெந்துபோன மோட்டாரைப் பிரித்து உள்ளே பார்த்திருக்கிறார். மறு முனையைப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. முருகன் படத்துக்கு எதிரே, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் நெல்லூருக்குப் போயிருந்தப்ப அந்த ஒயருங்கள யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்ல நைனா" என்றேன்.

தலையை ஆட்டினார். "அப்ப என் கைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் யார் வண்டிக்கும் கரண்ட் கொடுக்கவில்லை. வேலை எல்லாம் முடிப்பார். பல்பு வைத்துப் பார்ப்பார், திரும்பப் பார்ப்பார். கடைசி ஒயரைத் தொடும் நேரம் கை நின்றுவிடும். ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிடுவார். "இத ஒரு தபா பாரு. சரியா கீதா? நீயே குடு." டிரைவர்கள் கேலி பேசினார்கள். "நைனா, நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா? சொல்லிடு, நான் கடைய எடுத்துக்கறேன்." கொஞ்ச நாளில் வண்டி வருவது குறைந்துபோனது. நான் மட்டும் விடாமல் போவேன். வேலை இல்லாவிட்டாலும் இண்டிகேட்டர் எரியவில்லை என்று எதையாவது சொல்லிக்கொண்டு போவேன். அவர் வீட்டில் எனக்கு நாஷ்டா கொடுப்பார்கள். பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்தேன். மொட்டை போட்டு, மலை ஏறி, சன்னதியில் நின்றபோது சாமி முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே அவர் கடைக்கு வந்தேன். அவர் ஒரு டிராக்டர் விளக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை அன்று துடைத்தது, பொட்டு வைத்தது, எது எது என்று தெரியாமல் போனது, பூ கட்டிப் பார்த்தது, அவர் கேட்டபோது பொய் சொன்னது. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

நைனா என் மொட்டைத் தலையையும் அதன்மேல் காய்ந்திருந்த சந்தனத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கோசரம் வேண்டிக்கினு வந்தியா?" என்றார்.

"இல்ல நைனா, நெசமாத்தான் சொல்றேன். தப்பு என்னுது."

"உன்ன எனக்குத் தெரியாதா? அன்னிக்கி சாமி படத்துக்கு எதிர நின்னு கேட்டேன். இல்லன்னு சொன்ன. நீ சாமி எதிர பொய் சொல்ற ஆளு இல்ல."

"சொல்லிட்டேன் நைனா. பயத்துல சொல்லிட்டேன்."

"பொண்ணு அழுவுறத கேட்டுட்டு மனசு தாங்காம சொல்ற. வுடு." சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன். "ஒயரு எதுன்னு சாமிகிட்ட யாருனா பூ கட்டிக் கேப்பாங்களா? பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லுய்யா."

வீட்டுக்குப் போய் என் மனைவியைக் கூட்டி வந்து சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவளும் நல்லவள்தான், அவளும் சொல்லுவாள் என்றார்.  என்னிடம் வேறு சாட்சி இல்லை. மோட்டார்கூட எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

அவர் டிராக்டர் விளக்கின் கடைசி ஒயரை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிப் பேட்டரியில் வைத்தேன். விளக்கு எரிந்தது.

"பாத்தியா" என்றார் நைனா. "உன் கை சுத்தமான கை."